மலையகக் குளியலறையில் இறாக்கை அமைப்பதற்கு முன் ஈரத்தைப் பாருங்கள்

குளியலறையில் சவர்க்காரம் ஒரு பக்கமும் ஷாம்பூப் போத்தல் ஒரு பக்கமும், சலவைத் தூள், தும்புத்தடி, பற்தூரிகை எல்லாம் மூலைக்கொன்றுமாகக் கிடப்பதைப் பார்க்கிறவர்களுக்கு, ஓர் இறாக்கை (பொருள் அடுக்கும் தட்டு) அடித்துவிட்டால் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்றுதான் முதலில் தோன்றும். வெயில் கொளுத்தும் கரையோர ஊர்களில் அந்த எண்ணம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இலங்கை மலையகத்தின் ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா, அப்புத்தளைப் பக்கங்களில் அது பாதிதான் சரி. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதன் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். பனியும் தூறலும் விட்டுவிட்டுத் தொடரும் மாதங்களில், காலையில் நனைந்த பலகை மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருக்கும். ஆகவே இங்கே குளியலறையை ஒழுங்குபடுத்துவது என்பது பொருளுக்கு இடம் தேடும் வேலையைவிட, அந்த இடம் காய்வதற்கு வழி தேடும் வேலையாகவே இருக்கிறது.

இதற்கான காரணத்தை விளங்கிக்கொண்டால் பின்வரும் வேலைகள் எளிதாகும். 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 15 பாகைக்குக் குளிர்ந்தால் ஏறத்தாழ 13 கிராமைத்தான் தாங்கும். அடுப்பில் காய்ச்சிய வெந்நீரையோ ஹீட்டர் நீரையோ ஊற்றிக் குளிக்கும்போது எழுகின்ற ஆவி குளிர்ந்த சுவரைத் தொட்டவுடன், தாங்க முடியாத மிச்சம் முழுவதும் நீராகப் படிகிறது. கண்ணாடியில் படிவதை நாம் பார்க்கிறோம், துடைக்கிறோம். தட்டின் அடிப்பக்கத்திலும், அலுமாரியின் முதுகுக்கும் சுவருக்கும் இடையிலும் படிவதைப் பார்ப்பதில்லை. கறுப்புப் பூஞ்சணம் தொடங்குவது அங்கேதான்.

இதை நான் கற்றுக்கொண்டது ஓர் அலுமாரியைப் பறிகொடுத்த பிறகுதான். வெள்ளை நிறத்தில் பளபளவென்று இருந்த, மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எப். பலகை அலுமாரி ஒன்றை வாங்கி, சுவரோடு ஒட்ட வைத்துப் பொருத்தியிருந்தேன். இரண்டாவது மழைக்காலத்திலேயே அதன் அடிப்பலகை ஊறிய ரொட்டியைப் போல உப்பி, கதவு மூட முடியாமற் போனது. கழற்றிப் பார்த்தபோது சுவரிலும் அலுமாரியின் முதுகிலும் ஒரே அளவில் கறுப்புப் படிந்திருந்தது. வெட்டுமுனைகளில் நீர் புகுந்தால் இத்தகைய பலகை மீண்டும் பழைய நிலைக்கு வராது. மேலே எவ்வளவு பளபளப்பான பூச்சு இருந்தாலும், மலையகக் குளியலறைக்கு அது உரிய பொருள் அன்று என்பதே என் முடிவு.

எதை வைப்பது, எதை வெளியேற்றுவது

சுவரில் துளையிடுவதற்கு முன், குளியலறையில் உள்ள அனைத்தையும் வெளியே எடுத்து இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) பரப்பி வைக்க வேண்டும். அவற்றுள் ஒவ்வொரு நாளும் நனைகின்றவை, வாரத்துக்கு ஓரிரு முறை எடுக்கப்படுகின்றவை, குளியலறையில் இருக்கவே கூடாதவை என்று பிரித்துப் பார்த்தால், இறாக்கைக்கு உண்மையில் தேவைப்படும் இடம் நாம் நினைத்ததில் பாதிகூட இல்லை என்பது பெரும்பாலான வீடுகளில் தெரியவரும். எங்கள் வீட்டில் அப்படிப் பரப்பியபோது ஏழு வெறும் போத்தல்களும், யாருடையதென்று ஒருவருக்கும் தெரியாத நான்கு பற்தூரிகைகளும் கிடைத்தன.

வெளியேற்ற வேண்டியவற்றில் முதலாவது மருந்துகள். மாத்திரைகளுக்கு ஈரம் ஆகாது. அவற்றை வீட்டின் உலர்ந்த அறையொன்றில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைப்பதே முறை. சவர அலகுகள், தீப்பெட்டி, மேலதிகத் துவாய்கள், அடுத்த மாதத்துக்கென்று வாங்கிய சவர்க்காரக் கட்டிகள் ஆகியவற்றுக்கும் படுக்கையறை அலுமாரியே ஏற்ற இடமாகும். சுகாதாரத் துவாய்ப் பக்கற்றுகளை அவசரத்துக்காகக் குளியலறையில் வைக்க வேண்டியிருந்தால், இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் ஓரிரண்டை மட்டும் வைத்து, மிகுதியை வெளியே வைக்கலாம். சலவைத் தூள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும். பைக்கற்றை அப்படியே தட்டில் சாய்த்து வைப்பதைவிட, வெறுமையான பால்மாத் தகரத்தில் கொட்டி மூடி வைத்தால் கடைசிக் கரண்டி வரை தூளாகவே இருக்கும்.

துப்புரவு இரசாயனங்களைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மலசலகூடத்தைக் கழுவும் திரவங்கள் பலவற்றில் ஐதரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. வெளுப்பதற்கான பிளீச் திரவத்தில் குளோரின் சேர்மம் இருக்கிறது. இவ்விரண்டும் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். யன்னல் சிறிதாகவும் கதவு மூடியும் இருக்கும் நம் குளியலறைகளில் அது மிக விரைவில் ஆபத்தாகிவிடும். எனவே இவற்றை ஒரே தட்டில் அடுத்தடுத்து வைக்கக் கூடாது. ஒன்று கசிந்தால் மற்றொன்றில் சேராதபடி தனித்தனி வாளிகளில், பெரியவர்களின் தலைக்கு மேலான உயரத்தில் அல்லது வெளியே பூட்டுள்ள பெட்டியில் வைக்க வேண்டும். தோட்டத்துப் புல்லெண்ணெயையோ (களைகொல்லி) பூச்சி மருந்தையோ பழைய சோடாப் போத்தலில் ஊற்றி மலசலகூட மூலையில் வைக்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் உண்டு. அதற்கு ஏற்ற இறாக்கை என்று எதுவுமில்லை. அது வீட்டுக்குள் வரவே கூடாது.

சுவரை அறிதல்

தட்டு எங்கே வர வேண்டும் என்பதைத் தண்ணீரே காட்டித்தரும். வழக்கம் போல ஒருவர் குளித்து முடித்தவுடன் உள்ளே சென்று, சுவர் எந்த உயரம் வரை நனைந்திருக்கிறது என்று பார்த்துப் பென்சிலால் கோடிட வேண்டும். வாளியில் அள்ளி ஊற்றிக் குளிக்கும் வீடுகளில் நனைவு பெரும்பாலும் மார்பளவோடு நின்றுவிடும்; ஷவர் இருந்தால் அந்தப் பக்கச் சுவர் முழுவதுமே நனையும். அக்கோட்டுக்குக் கீழே நனைந்தாலும் கெடாத பொருள்களுக்கான, நீர் வடியும் தட்டுகள் மட்டுமே வரலாம். யன்னலுக்கு அடுத்த சுவர் காற்றுப்படுவதால் விரைவில் காயும். வெளியே மண்மேடு அணைந்திருக்கும் பின்சுவர் ஒருபோதும் முழுமையாகக் காயாது. சரிவை வெட்டிக் கட்டிய மலையக வீடுகளில் இந்த வேறுபாடு மிகவும் தெளிவாகத் தெரியும். வசதியாக வெறுமையாய் இருக்கிறதே என்று பின்சுவரைத் தெரிவு செய்வதுதான் பலரும் செய்யும் பிழை.

சுவர் எதனால் ஆனது என்பதையும் அறிய வேண்டும். பழைய லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) பல கருங்கல்லை அடுக்கிச் சாந்து பூசியவை. அங்கே டிரில் முனை கல்லில் பட்டால் நகராது, கல்லிடுக்கில் பட்டால் சாந்து பொலபொலவென்று உதிர்ந்து துளை குகையாகிவிடும். அத்தகைய சுவருக்கு, தரையில் நிற்கும் குறுகிய இரும்பு அல்லது பிளாஸ்டிக் இறாக்கையே நல்லது. புதிய வீடுகள் பெரும்பாலும் சீமெந்துக் கல்லால் கட்டப்பட்டவை. உள்ளே பொள்ளலான கல்லாக இருந்தால் சாதாரண ரோல் பிளக் (திருகாணியைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் குழல்) பிடிப்பில்லாமற் சுழலும்; அப்போது துளையைச் சற்றுப் பெரிதாக்கிச் சீமெந்துக் கலவையை அடைத்து, நன்றாக இறுகிய பின் மீண்டும் துளையிட வேண்டும்.

துளையிடுவதற்கான விதிகள் சிலவே, ஆனால் எதையும் விட்டுவிட முடியாது. சுவிட்ச், ஹீட்டர், விளக்கு ஆகியவற்றுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும், அதே மட்டத்தில் இரு பக்கமும் மின்கம்பி ஓடக்கூடும். தண்ணீர் திறக்கும் பைப்புக்கு நேர் மேலே, சுவருக்குள் தண்ணீர்க் குழாய் ஓடக்கூடும். அந்த நேர்கோடுகளைத் தவிர்த்து, வீட்டின் பிரதான ஆளியை நிறுத்திவிட்டு மின்கலத்தால் இயங்கும் டிரிலைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. டைல் பதித்த சுவரென்றால், குறித்த இடத்தில் காகித நாடாவை ஒட்டி, சுத்தியல் அதிர்வை நிறுத்தி வைத்து மெதுவாகத் தொடங்க வேண்டும். டைலைக் கடந்து சீமெந்தை எட்டிய பின்னரே அதிர்வைப் போடலாம். டைலின் விளிம்பிலிருந்து குறைந்தது ஓர் அங்குலம் உள்ளே துளை இருக்க வேண்டும். 6 மில்லிமீற்றர் ரோல் பிளக்குக்கு 6 மில்லிமீற்றர் முனையைக் கொண்டு துளையிட்டு, தூசியை ஊதி வெளியேற்றி, பிளக்கை இறுக்குவதற்கு முன் துளைக்குள் சிறிது சிலிக்கன் பசையைச் செலுத்தினால் டைலின் பின்னால் நீர் இறங்காது. திருகாணிகள் துருப்பிடிக்காத உருக்கினால் ஆனவையாக இருக்கட்டும். சாதாரண இரும்பு ஆணி துருவேறி, தட்டு விழாவிட்டாலும் சுவரில் பழுப்புக் கண்ணீர் வடிக்கும்.

தட்டின் ஆழம் குறைவாக இருப்பது ஏன் நல்லது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சுவரில் பொருத்தும் தாங்கி ஒன்றின் இரு ஆணிகளுக்கும் இடையே 3 அங்குலம் என்றும், அதன் மேல் 4 கிலோ பாரம் இருக்கிறதென்றும் வைத்துக்கொள்வோம். பாரம் சுவரிலிருந்து 3 அங்குலத் தூரத்தில் இருந்தால், மேல் ஆணியைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை ஏறத்தாழ 4 கிலோ அளவு. அதே பாரத்தை 6 அங்குலத் தூரத்துக்கு நகர்த்தினால் அது 8 கிலோ ஆகிவிடும். நிறைந்த ஒரு லீற்றர்ப் போத்தல் ஏறத்தாழ ஒரு கிலோ என்பதால், நான்கு போத்தல்களிலேயே இந்தக் கணக்கு வந்துவிடுகிறது. ஷாம்பூப் போத்தல் எதற்கும் 4 முதல் 5 அங்குல ஆழத்துக்கு மேல் தேவையில்லை. அதற்கு மேற்பட்ட ஆழம் பின்வரிசையில் மறந்துபோன பொருள்களைச் சேர்க்கவே உதவும்.

பொருத்தக்கூடிய சில வகைகள்

மூலைத் தட்டு என் முதல் தெரிவு. ஹாட்வெயார் கடைகளிலும் வீடு கட்டும் இடங்களிலும் மிஞ்சும் டைல் துண்டுகளை முக்கோணமாக வெட்டுவித்து, இரண்டை முதுகோடு முதுகு டைல் பசையால் ஒட்டினால் உறுதியான தட்டு கிடைக்கும். மேசன் பாஸ் ஒருவர், மூலையின் இரு சுவர்களிலும் அரை அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி அதனைச் செருகிப் பூசித் தருவார். அவரிடம் மறக்காமற் சொல்ல வேண்டியது, தட்டின் முன்விளிம்பு பின்மூலையைவிட ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தாழ்ந்திருக்க வேண்டும் என்பதே. பெரும்பாலான பாஸ்மார் ரசமட்டத்தை வைத்து அணுவும் பிசகாமல் மட்டமாக்குவதில் பெருமை கொள்வார்கள். மட்டமான தட்டில் நீர் தேங்கிச் சவர்க்காரம் கூழாகும். இதில் ஆணியும் இல்லை, துருவும் இல்லை, ஊறும் பொருளும் இல்லை.

துளைகளுள்ள பிளாஸ்டிக் கூடைகளை உருக்குக் கம்பியில் தொங்கவிடுவது அதற்கு அடுத்த வழி. இரண்டு அடி நீளத் துவாய்க் கம்பி ஒன்றைச் சுவரில் பொருத்தி, நாகம் (துத்தநாகம்) பூசிய வேலிக் கம்பியை எஸ் வடிவில் வளைத்துக் கொழுக்கிகளாக்கி, ஆளுக்கொரு சிறு கூடையைத் தொங்கவிட்டால் சுவரில் இரண்டு இடங்களில் மட்டுமே துளையிட வேண்டிவரும். கூடையைக் கழற்றிக் கழுவவும், வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் வெளியே காயவைக்கவும் முடியும். கடைகளில் சரம் சரமாக விற்கும் ஷாம்பூப் பக்கற்றுகளையும் ஒரு கவ்வியில் அதே கம்பியில் தொங்கவிடலாம். வெட்டிய பக்கற்றைப் போடுவதற்கு அருகிலேயே ஒரு சிறு குப்பைக் கூடை இல்லாவிட்டால் அது நீர் வடியும் துவாரத்தைத்தான் போய் அடைக்கும்.

பற்தூரிகைகளுக்கு, வீட்டு வேலையில் மிஞ்சிய 2 அங்குல பிவிசி குழாயை 4 அங்குலத் துண்டுகளாக அறுத்து, ஓரங்களை அரத்தாள் கொண்டு தேய்த்து, சுவரில் பொருத்தும் ஒரு பலகையின் முகப்பில் வரிசையாக நிமிர்த்தி வைத்துத் திருகாணியால் இறுக்கலாம். அடி மூடியிருக்கக் கூடாது. தூரிகை கீழே விழாமல் இருக்க ஒரு துண்டு வலையோ குறுக்குக் கம்பியோ போதும். அடி மூடிய குவளையில் தேங்கும் நீரை ஒருமுறை முகர்ந்து பார்த்தவர்கள் இதன் தேவையை மறுக்க மாட்டார்கள்.

மரத்தை விரும்புகிறவர்கள் முற்றிய பலாப் பலகையைத் தெரிவு செய்யலாம். மலிவாகக் கிடைக்கும் அல்பீசியா இலேசானது, மென்மையானது. ஈரத்துக்கு நெடுநாள் நிற்காது. பலகையை முழுத் தட்டாக அன்றி, ஒன்றரை அங்குல அகலச் சட்டங்களாக, இடையே அரை அங்குல வெளி விட்டு அடிக்க வேண்டும். எனாமல் வர்ணத்தை மேற்பக்கத்துக்கு மட்டும் பூசிவிட்டு நிறுத்துவது வீண் வேலை. நீரை அதிகம் குடிப்பது பலகையின் வெட்டுமுனைதான். ஆகவே பொருத்துவதற்கு முன்பே ஆறு பக்கங்களுக்கும் இருமுறை பூசி, முனைகளுக்கு மூன்றாம் முறையும் பூச வேண்டும். சுவருக்கும் மரத்துக்கும் இடையே ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி இருக்கும்படி, தாங்கியின் பின்னால் பிளாஸ்டிக் வில்லைகளை வைத்து இறுக்குவது அவசியம். கண்ணாடி பதித்த சிறு அலுமாரிக்கும் இதே இடைவெளி பொருந்தும். அதன் அடிப்பக்கத்திலும் மேற்பக்கத்திலும் சில துளைகள் இட்டால் உள்ளே காற்றோடும்.

உறிஞ்சு ரப்பரால் ஒட்டும் கொழுக்கிகளும் பசை நாடாத் தட்டுகளும் துளையிடத் தேவையில்லை என்பதால் கவர்ச்சியாகத் தோன்றும். வழவழப்பான டைலில், ஸ்பிரிட் கொண்டு துடைத்து நன்கு காயவிட்டு ஒட்டி, ஒரு நாள் முழுவதும் பாரமேற்றாமல் விட்டால் பசை நாடா ஓரளவு நிற்கும். சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ பூசிய சுவரில் பசை சுவரைப் பிடிப்பதில்லை, பூச்சைத்தான் பிடிக்கிறது. ஒரு நள்ளிரவில் பூச்சோடு சேர்ந்து கீழே வரும்.

தண்ணீர் சேமிக்கும் பீப்பாய் குளியலறையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்வது நம் பகுதியில் வழமை. அதன் மூடியைத் தட்டாகப் பயன்படுத்தினால் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் இறக்கி ஏற்ற வேண்டியிருக்கும். நாளடைவில் மூடியே திறந்து கிடக்கும். அதற்கு மேலே தட்டு அமைப்பதாயின், கோப்பையால் அள்ளும் கை இடிபடாமல் இருக்க மூடிக்கும் தட்டுக்கும் இடையே ஒன்றரை அடியாவது விட வேண்டும். கதவுக்கு மேலுள்ள சுவர் அநேகமாக நனைவதே இல்லை. தகரங்களில் அடைத்த சலவைத் தூள், மேலதிகத் தூரிகை போன்ற அவ்வளவாகத் தேவைப்படாத பொருள்களுக்கு அங்கே ஒரு நீளத் தட்டு அமையலாம். நாளாந்தம் எடுப்பவை மட்டும் தரையிலிருந்து இரண்டரை முதல் நான்கரை அடிக்குள் இருந்தால், முழங்கால் வலிக்கும் அப்பாயியும் எக்கி நிற்காமல் எடுக்கலாம்.

குளியலறையே இல்லாத வீட்டில்

இந்திய உதவியுடன் தோட்டப் பகுதிகளில் கட்டப்படும் வீடுகள் 550 சதுர அடி அளவில் அமைகின்றன. அவற்றில் கழிப்பறையும் வீட்டோடு சேர்ந்தே வருகிறது. ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், அதாவது லயத்தின் ஒற்றை அறையில், இன்றும் வாழ்கின்ற குடும்பங்களுக்கு, குளியல் என்பது மலைநீர் குழாய் வழியாக விழும் பீலிக்கரையிலோ, லயத்தின் பின்னால் தகரமும் படங்கும் கட்டி மறைத்த இடத்திலோதான். அங்கே பூட்டும் இல்லை, கூரையும் பெரும்பாலும் இல்லை. எனவே எதையும் நிரந்தரமாக வைக்க முடியாது. இறாக்கையைக் கையோடு கொண்டுபோவதே வழி.

கைபிடியுள்ள சிறு பிளாஸ்டிக் கூடை ஒன்றை எடுத்து, அடியில் துளைகள் இல்லாவிட்டால் ஆணியைச் சூடாக்கிப் பத்துப் பன்னிரண்டு துளைகள் இட்டுக்கொள்ள வேண்டும். கூடைக்குள் வெட்டிய தண்ணீர்ப் போத்தல்களை நிறுத்தி, கம்பியால் கூடையோடு கட்டினால் தூரிகைக்கும் ஷாம்பூவுக்கும் குதிகால் தேய்க்கும் கல்லுக்கும் தனித்தனி அறைகள் கிடைத்துவிடும். அவற்றின் அடியிலும் துளை வேண்டும். குளித்து வந்ததும் கூடையை இஸ்தோப்பின் இறவாரத்தில் ஒரு கொழுக்கியில் தொங்கவிட்டால், சாரல் படாமலும் காற்றுப்படவும் இருக்கும். ஒரே லயத்தில் பல குடும்பங்கள் இருப்பதால் கூடைகளின் நிறம் வேறு வேறாக இருப்பது வீண் சச்சரவைத் தவிர்க்கும். பீலிக்கரையில் கூடையை வைக்க, தட்டையான கல்லொன்றை இரு சிறு கற்களின் மேல் தூக்கி வைத்தால் சேறு தெறிக்காது.

ஈரத் துவாயின் இடம் எந்த வீட்டிலும் குளியலறை அன்று. கொழுக்கியில் மடிந்து தொங்கும் துவாயின் உள்மடிப்பு மழைக்காலத்தில் இரண்டு நாளானாலும் காயாது. முழு அகலத்துக்கும் விரித்துப்போடக்கூடிய கம்பியோ கயிறோ இஸ்தோப்பிலோ, அடுப்படியில் தீப்பொறி எட்டாத தூரத்திலோ இருக்க வேண்டும். புகை மணம் ஏறுமே என்று சிலர் தயங்குவார்கள். பூஞ்சண மணத்தைவிடப் புகை மணம் மேல் என்பது என் கட்சி.

வர்ணம் பூசுதல், சிலிக்கன் இடுதல், சீமெந்து வேலை ஆகியவற்றுக்குக் காலம் பார்க்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை வாங்கும் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கங்களில் ஜனவரி முதல் மார்ச் வரையான நாள்கள் பொருத்தமானவை. மலையின் மறுபுறத்தில் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை வட்டாரங்களில் கச்சான் காற்று (மலையைக் கடந்து உலர்ந்து வரும் தென்மேற்குக் காற்று) வீசும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான காலத்தில் வர்ணம் நன்றாகக் காயும். அதே உலர்ந்த நாள்களில் ஆண்டுக்கொரு முறை தட்டுகளையும் அலுமாரிகளையும் கழற்றி, பின்சுவரைச் சவர்க்கார நீரில் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் கதவையும் யன்னலையும் திறந்து காயவிட வேண்டும். திரும்பப் பொருத்தும்போது ஒவ்வொரு ஆணியையும் கையால் அசைத்துப் பார்த்து, ஆடுகின்ற ரோல் பிளக்கை மாற்றிவிட்டுப் பொருள்களை அடுக்கலாம்.